பெயர் சொல்லாத ஹோட்டல்... நியூயார்க்கில் குறைந்த விலைக்கு ரூம் பிடிக்கும் வித்தை!

மன்ஹாட்டனில் ஏதோ ஒரு முப்பது மாடி ஹோட்டல். இரவு பத்து மணி. லிஃப்ட்டில் நான்கு பேர் நிற்கிறார்கள். ‘ரூம் என்ன விலைக்கு எடுத்தீங்க?’ என்று அவர்களைக் கேட்க முடிந்தால், பதில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கம்பெனி செலவில் வந்தவர் 320 டாலர் என்பார். இரண்டு மாதம் முன்பே ஹோட்டலின் இணையதளத்தில் பதிவு செய்த தம்பதி 250 என்பார்கள். மூலையில் பேசாமல் நிற்கும் நான்காவது ஆள் 150 டாலர் கொடுத்திருப்பார். நான்கு பேருக்கும் ஒரே மாதிரி ரூம்தான். ஒரே ஒரு வித்தியாசம், அந்த நான்காவது ஆள் பணம் கட்டியபோது அது எந்த ஹோட்டல் என்றே அவருக்குத் தெரியாது.

தெரியாமல் வாங்கினார், அதனால் குறைவாக வாங்கினார். பெரிய நகரங்களின் ஹோட்டல் வியாபாரத்தில் கால் நூற்றாண்டாக ஓடும் விளையாட்டு இதுதான். இதை ஆடிப் பார்க்க நியூயார்க்கைவிட நல்ல மைதானம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஹோட்டல்காரர் ஏன் இதற்கு ஒப்புக்கொள்கிறார்? ராத்திரி கடை கட்டும் நேரத்துப் பூக்காரியின் கணக்குதான். இன்று விற்காத மல்லிகைக்கு நாளை மதிப்பில்லை. இன்று காலியாகக் கிடந்த ரூமை நாளைக்கு இரண்டு முறை வாடகைக்கு விட முடியாது. காலியாகக் கிடப்பதைவிட 150 டாலர் மேல். ஆனால், அதை வாசலில் போர்டு எழுதி விற்றால் 250 கொடுத்த தம்பதி சண்டைக்கு வருவார்கள், கம்பெனிக்காரர் அடுத்த ஒப்பந்தத்தில் விலையைக் குறைப்பார். ஆகவே, பெயரை மறைத்து விற்கிறார். பெயர் தெரியாததால் அவருடைய ‘அதிகாரபூர்வ’ விலைக்குப் பங்கமில்லை.

இதை ஏலமாக மாற்றியது ‘பிரைஸ்லைன்’ என்ற அமெரிக்க நிறுவனம். ஜே வாக்கர் என்பவர் தொடங்கியது. 1998-ல் அறிமுகமான அந்தத் திட்டத்துக்குப் பெயரே ‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்பதுதான். ‘ஸ்டார் டிரெக்’ நடிகர் வில்லியம் ஷாட்னர் விளம்பரங்களில் வந்து அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். நமக்கு நன்றாகத் தெரிந்த புக்கிங் டாட் காமை 2005-லும், அகோடாவை 2007-லும் வாங்கியது இதே நிறுவனம்தான்.

ஏலம் நடந்த விதம் இது. நகரின் வரைபடம் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த வட்டாரம், எத்தனை ஸ்டார், எந்தத் தேதி என்று மட்டும் நீங்கள் சொல்லலாம். பிறகு ஒரு விலை சொல்லி, கிரெடிட் கார்டு எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். அந்த வட்டாரத்து ஹோட்டல்கள் ‘இதற்குக் கீழே இறங்க மாட்டோம்’ என்று ஒரு ரகசிய விலையை முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும். உங்கள் விலை அதைத் தொட்டுவிட்டால் அந்த நொடியே பணம் எடுக்கப்படும். அதன் பிறகுதான் ஹோட்டலின் பெயர் திரையில் வரும். ரத்து கிடையாது, மாற்றம் கிடையாது. தொடாவிட்டால் ‘மன்னிக்கவும்’ என்று வரும். அதே கேள்வியை மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. ஹோட்டல் 110-க்குத் தயாராக இருந்து, நீங்கள் 140 சொல்லிவிட்டால், நடுவிலிருக்கும் 30 டாலர் ஹோட்டலுக்குப் போகாது. இணையதளத்துக்குத்தான் லாபம். எனவே, முதல் விலையை மிகத் தாழ்வாகக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. எதிரில் முகம் சுளிக்க ஆள் கிடையாது, கம்ப்யூட்டர்தான்.

24 மணி நேர விதியைச் சட்டப்படியே தாண்டிய யுக்திதான் இந்த ஏலத்தின் உச்சம்!

ஏதாவது ஒன்றை மாற்றினால் உடனே மறுபடி கேட்கலாம் என்பது விதி. உதாரணமாக, இன்னொரு வட்டாரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால், கூட்டிய வட்டாரத்தில் ரூம் விழுந்துவிட்டால்? அங்கேதான் சூட்சுமம். நீங்கள் கேட்பது நாலு ஸ்டார். வரைபடத்தில் ஒரு வட்டாரத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்தால், மூன்று ஸ்டாருக்கு மேலே உள்ள கட்டங்கள் எல்லாம் மங்கிப்போகும். அதாவது, அங்கே நாலு ஸ்டார் ஹோட்டலே இல்லை. அந்த வட்டாரத்தைக் கூட்டினால் உங்கள் ரூம் அங்கே விழ வாய்ப்பே இல்லை. ஆனால், கேள்வி மாறிவிட்டதால் மறுபடி கேட்கும் உரிமை மட்டும் கிடைத்துவிடும். இப்படி இரண்டு மூன்று வெற்று வட்டாரங்களை முன்பே குறித்து வைத்துக்கொண்டால், ஒரே உட்காரலில் நான்கு முறை விலை கேட்கலாம். 90, 100, 110, 120 என்று படி ஏறலாம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘நாலு ஸ்டார்’ என்றால் ‘நாலு அல்லது அதற்கு மேல்’ என்றுதான் அர்த்தம். எனவே, கூட்டும் வட்டாரத்தில் ஐந்து ஸ்டாரும் இருக்கக் கூடாது.

2012 ஜனவரியில் நானும் என் கணவரும் இதை நியூஜெர்ஸியில் இருக்கும் நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தோம். ஊர் சுற்ற இரண்டு ராத்திரி மன்ஹாட்டனில் தங்க ஆசை. நாத்தனார் இதில் கை தேர்ந்தவள். காகிதத்தில் வட்டாரங்களை எழுதி, பக்கத்தில் விலைகளைப் போட்டு, பரீட்சை ஹால் மாதிரி வைத்திருந்தாள். “அண்ணி, கிளிக் பண்ணிட்டா முடிஞ்சுது. காய்ச்சல்னாலும் பனிப்புயல்னாலும் காசு திரும்ப வராது. நல்லா யோசிச்சுக்கோங்க” என்றாள். அதே வட்டாரத்தில் பெயர் தெரிந்த நாலு ஸ்டார் ஹோட்டல்கள் 200 டாலரைச் சுற்றி இருந்தன. பாதிக்கும் கீழே, 90-ல் ஆரம்பித்தோம். இல்லை. ஒரு வட்டாரம் கூட்டி 100. இல்லை. இன்னொன்று கூட்டி 112. திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு, ‘வாழ்த்துகள்!’

கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் செங்கல் சுவர்தான் காட்சி. கட்டிலைச் சுற்றி ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். ஆனால், சுத்தமாக இருந்தது, கதகதப்பாக இருந்தது. கணவருக்கு மட்டும் ராத்திரி முழுக்க ஒரே குடைச்சல். “105-க்கே கொடுத்திருப்பானோ?” ஏலத்தில் ஜெயித்தவர்களுக்கு வரும் வியாதி இது. பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு, ‘வென்றவன் சாபம்’.

எங்கே விழுந்தாலும் நஷ்டமில்லாத ஊர்

இந்தச் சூதாட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. பரந்து கிடக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரில் தெரியாத ஹோட்டல் என்றால், கடற்கரைக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய இடமாகவும் இருக்கலாம். மன்ஹாட்டன் அப்படியில்லை. சுமார் 21 கிலோமீட்டர் நீளம், அதிக அகலமான இடத்திலேயே நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. சுரங்க ரயிலான சப்வே 24 மணி நேரமும் ஓடுகிறது. நகரம் முழுக்க 472 ஸ்டேஷன்கள். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனாலும் கடைசி ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒரே கட்டணம், சுமார் 3 டாலர். எனவே, எந்த வட்டாரத்தில் விழுந்தாலும் சுதந்திர தேவி சிலைக்குப் படகேறும் இடத்துக்கோ, சென்ட்ரல் பார்க்குக்கோ அரை மணி, முக்கால் மணியில் போய்விடலாம். இருப்பிடத்தை விதியிடம் விட்டுவிட்டுத் தள்ளுபடியை மட்டும் நாம் வாங்கிக்கொள்ள இந்த ஊர் இடம் தருகிறது.

ஆனாலும், எல்லா வட்டாரமும் எல்லா நாளும் ஒன்றல்ல. தெற்கு முனையில், வால் ஸ்ட்ரீட்டைச் சுற்றியுள்ள நிதி வட்டாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை வங்கிக்காரர்கள் வந்து தங்குவார்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தெருக்கள் காலியாகிவிடும், ரூம் விலையும் இறங்கும். வார இறுதிப் பயணத்துக்கு என் முதல் தேர்வு அதுதான். டைம்ஸ் சதுக்கம் நேர் எதிர். சனிக்கிழமை நாடகம் பார்க்க வரும் கூட்டத்தால் அங்கே வார இறுதியில்தான் விலை எகிறும். ஊர் முழுக்கப் பொதுவாக மலிவான ராத்திரி ஞாயிறு. உல்லாசப் பயணி கிளம்பிப் போயிருப்பார், ஆபீஸ்காரர் இன்னும் வந்திருக்க மாட்டார்.

மாதக் கணக்கும் முக்கியம். ஜனவரியும் பிப்ரவரியும்தான் ஏழைகளின் மாதங்கள். குளிர் எலும்பைத் துளைக்கும், ஆனால் மியூசியத்துக்குள் எல்லா மாதமும் ஒரே வெயில்தான். செப்டம்பர் பிற்பாதியில் ஐ.நா பொதுச்சபைக்கு உலகத் தலைவர்கள் வந்து இறங்குவார்கள். மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கத்தில் தெருக்களை அடைத்துவிடுவார்கள், பேரம் பேசும் பேச்சுக்கே இடமில்லை. நவம்பர் முதல் ஞாயிறு மாரத்தான் ஓட்டம். டிசம்பரில் ராக்கஃபெல்லர் சென்டர் கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்க்க ஊரே திரளும். அந்தத் தேதிகளில் தாழ்வாக விலை கேட்பது, தீபாவளிக்கு முதல் நாள் பஸ் டிக்கெட்டில் தள்ளுபடி கேட்பதற்குச் சமம்.

இனி, கசப்பான கணக்கு. 160 டாலருக்கு ரூம் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் ஹோட்டல் ரூமுக்கு விற்பனை வரி, தங்கும் வரி எல்லாம் சேர்த்து 14.75 சதவிகிதம். அது 23 டாலர் 60 சென்ட். அதுபோக ஒரு ராத்திரிக்கு மூன்றரை டாலர் தனி. இப்போதே 187 ஆகிவிட்டது. பல ஹோட்டல்கள் ‘வசதிக் கட்டணம்’ என்று வேறு ஒன்று வைத்திருக்கின்றன. வைஃபை, ஜிம், தண்ணீர் பாட்டில் என்று காரணம் சொல்வார்கள். அது 35 டாலர் என்றால், அதற்கும் வரி சேர்ந்து 40. ஆக, 160 டாலர் ரூம் 227 டாலர் ஆகிறது. மூன்று ராத்திரிக்கு 680-ஐத் தாண்டும். நாம் கஷ்டப்பட்டு ஏலத்தில் குறைத்த தொகை வாசல்படியிலேயே திரும்பிப் போய்விடுகிறது. 2025 மே மாதம் முதல் அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, இந்தக் கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். அரசு வரி மட்டும் அதில் சேராமல் நிற்கலாம். எனவே, எந்த விலையை எதோடு ஒப்பிட்டாலும் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

அந்த ஏலம் இப்போது இல்லை. விமான டிக்கெட்டுக்கு 2016-ல் நின்றது, பின்னர் ஹோட்டலுக்கும் நின்றுபோனது. விலை சொல்லிக் காத்திருக்க இன்றைய செல்போன் விரலுக்குப் பொறுமையில்லை என்பது என் எண்ணம். ஆனால், வித்தையின் பாதி உயிரோடுதான் இருக்கிறது. பிரைஸ்லைனின் ‘எக்ஸ்பிரஸ் டீல்’, ஹாட்வயரின் ‘ஹாட் ரேட்’ இரண்டிலும் பெயர் மறைந்திருக்கும், விலை மட்டும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் சரி என்றால் பணம் போகும், பெயர் வரும். ரத்து கிடையாது. நாம் கேட்கும் சுகம் போய்விட்டது. முகமூடி அப்படியே இருக்கிறது.

அந்த முகமூடியை ஓரளவு விலக்கிப் பார்க்கலாம். வட்டாரம், ஸ்டார், வாடிக்கையாளர்கள் கொடுத்த மதிப்பெண், நீச்சல்குளம் உண்டா, காலைச் சாப்பாடு உண்டா என்ற விவரங்களை மறைப்பதில்லை. அதே இணையதளத்தில் பெயரோடு இருக்கும் ஹோட்டல்களைத் தனியே திறந்து, இந்த நான்கைந்து அடையாளங்களும் பொருந்துவது எது என்று பாருங்கள். பல நேரங்களில் இரண்டு மூன்று ஹோட்டல்களுக்குள் சுருங்கிவிடும். அந்த மூன்றில் எதுவானாலும் சம்மதம் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள். ஒன்று பிடிக்காது என்றாலும் விட்டுவிடுங்கள். அந்த ஒன்றுதான் விழும்!

இதைவிட முக்கியமான யுக்தி, கையில் ஒரு குடை வைத்துக்கொண்டு மழையில் இறங்குவது. முதலில், இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஒரு ரூமைப் பெயர் தெரிந்த ஹோட்டலில் பதிவு செய்துவிடுங்கள். விசாவும் லீவும் உறுதியாகும் வரை அது கிடக்கட்டும். பயணத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது முகமூடி விலைகளைப் பார்க்க ஆரம்பியுங்கள். ஐந்து, பத்து டாலர் வித்தியாசத்துக்கெல்லாம் அசையாதீர்கள். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால்தான் ரத்து செய்ய முடியாத ரூமுக்குத் தாவுவது லாபம். தாவிய கையோடு, கெடு முடிவதற்குள் பழைய ரூமை ரத்து செய்ய வேண்டும். நியூயார்க் நேரமா, நம்மூர் நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசத்தில் கெடு தாண்டிப்போய்விடும்.

நம்மூரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. பணம் முழுக்கக் கட்டியிருந்தாலும், ரிசப்ஷனில் முன்பணப் பிடித்தத்துக்கு ஒரு கார்டு கேட்பார்கள். தங்குபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டாக இருப்பது நல்லது. டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தத் தொகை சில நாள் முடங்கிக் கிடக்கும். இரண்டாவது, மலிவாக வந்தவருக்கு மிச்சமிருக்கும் ரூம்தான் விழும். ராத்திரி பதினொரு மணிக்குப் போனால் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து ரூம். மதியமே போய், “மேல் மாடியில், தெருச் சத்தம் இல்லாத பக்கம் ஏதாவது இருக்கிறதா?” என்று சிரித்த முகத்தோடு கேட்டால், இருந்தால் கொடுக்கிறார்கள். நமக்கு இருமுறை கிடைத்திருக்கிறது.

யார் இதில் இறங்கக் கூடாது?

முகமூடி ரூமில் உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது இரண்டு பெரியவர்களுக்கான இடம், அவ்வளவுதான். இரண்டு கட்டிலா, ஒரே கட்டிலா என்பதற்கு உத்தரவாதமில்லை. மன்ஹாட்டனில் பல ரூம்களில் கூடுதல் மெத்தை போடத் தரையே இருக்காது. எனவே நான்கு பேர் குடும்பம், வயதானவர்கள், கைக்குழந்தை என்றால் இந்த விளையாட்டு வேண்டாம். நாம் தெரியாமல் இருக்கச் சம்மதிப்பதற்குத்தான் தள்ளுபடி தருகிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி என்பது நமக்குத் தெரியும். அதைத் தெரியாததுபோல் விற்க முடியாது.

‘அப்போ யாராவது ஒருத்தர் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கலாமே’ என்பவர்களுக்கு, 2023 செப்டம்பரிலிருந்து நியூயார்க்கில் அதுவும் சுருங்கிவிட்டது. 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விட, உரிமையாளர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினரோடு அவரும் அங்கேயே தங்க வேண்டும், அதிகபட்சம் இரண்டு விருந்தினர்தான்.

போன வருஷம் நாங்கள் அத்தையையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனபோது ஏலமும் இல்லை, முகமூடியும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், குயின்ஸில் லாங் ஐலண்ட் சிட்டி என்ற இடத்தில், இரண்டு பெரிய கட்டில் என்று எழுதியிருந்த ரூமைப் பெயர் பார்த்தே எடுத்தோம். ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி, இப்போது ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. மன்ஹாட்டன் விலையைவிடக் குறைவு. ஏழாம் நம்பர் ரயில் ஏறினால் கிராண்ட் சென்ட்ரல் பத்து நிமிடம்தான். நியூஜெர்ஸி பக்கம் என்றால் ஜெர்ஸி சிட்டியும் இப்படித்தான். ‘பாத்’ ரயில் நேராக மன்ஹாட்டனுக்குள் கொண்டுவிடும். ஆனால், ஒன்று. பெரும்பாலான சப்வே ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது. வயதானவர்களோடு போகிறவர்கள் ஹோட்டல் ஸ்டாரைப் பார்ப்பதற்கு முன், பக்கத்து ஸ்டேஷனில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கிறதா என்று ரயில் வரைபடத்தில் பாருங்கள்.

அதே ஏழாம் நம்பர் ரயிலில் எதிர்ப் பக்கம் ஏறினால், குயின்ஸ் வீட்டுக் கூரைகளுக்கு மேலே உயரத்தில் ஓடி, அரை மணி நேரத்தில் கடைசி ஸ்டேஷனான ஃப்ளஷிங்கில் இறக்கிவிடும். அங்கிருந்து இருபது, இருபத்தைந்து நிமிட நடை, பௌன் தெருவில் கணபதி கோயில். 1977-ல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். கீழ்த்தளத்தில் கேன்டீன். அத்தை அங்கே சுடச்சுட ஒரு மசாலா தோசையை முடித்துவிட்டு, “இந்த ஊர்ல ரூம் வாடகை மட்டும்தான் அநியாயம்டி” என்றார். மறுநாள் காலையும் அங்கேயே போகலாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். சுதந்திர தேவி சிலை மதியத்துக்குத் தள்ளிப்போனது.